வெர்னா என்ன சொல்றா?

என் அக்கா வெர்னா பிப்ரவரியில் செத்துப்போனாள். ஏப்ரலில் மறுபடியும் பேச ஆரம்பித்தாள்.

இதைச் சொன்னதும் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பீர்கள், தெரியும். பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள் நான். ஜனவரிக் குளிரில் இருட்டோடு எழுந்துபோய் எஞ்சினைச் சூடாக்குகிறவளுக்குப் பேயைக் கண்டு பயப்பட நேரம் ஏது? பேசினாள் என்றால் ஊர்ப் பக்கத்தில் எழுதினாள். அவ்வளவுதான் நான் சொல்வது.

கனடாவின் வடக்கு ஆல்பர்ட்டாவில் ஹாஸ்கெட் என்கிற எங்கள் ஊருக்கு இணையத்தில் ஒரு பக்கம் உண்டு. நாய் காணோம், டயர் விற்பனைக்கு, மான் இறைச்சி மிச்சம் இருக்கிறது வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று தொடங்கிய பக்கம். பிறகு அரசியல் புகுந்தது. அரசாங்கத்துக்கும் இணையக் கம்பெனிக்கும் ஏதோ சட்டத் தகராறு வந்து, பத்திரிகைச் செய்தி எதையும் அதில் ஒட்ட முடியாமல் போயிற்று. அதற்கப்புறம் எவன் எதைச் சொன்னாலும் அதுதான் செய்தி.

அந்தப் பக்கத்துக்கு ராணி என் அக்கா. எந்தச் சண்டை நடந்தாலும் கடைசியில் யாராவது, "வெர்னா என்ன சொல்றா?" என்று கேட்பார்கள். அவள் வந்து நாலு வரி எழுதுவாள். ஒட்டாவாவில் இருக்கிற மத்திய அரசு எரிபொருளுக்குக் கார்பன் வரி போட்ட காலத்தில் எழுதினாள்: "ஒட்டாவாக்காரன் ஒரு ராத்திரி எங்க ஊர்ல ஹீட்டரை அணைச்சுட்டுப் படுக்கட்டும். காலையில எந்திரிச்சான்னா வரியைப் பத்திப் பேசலாம். சரி சரி, போய் டீ போடு, உட்காரு." எல்லாச் சண்டையையும் அந்த டீயில்தான் முடிப்பாள். ஊரே சிரிக்கும்.

எனக்கும் அவளுக்கும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசையில் இதே சண்டைதான். அவள் புருஷன் ஓரெஸ்ட் செய்த முட்டைக்கோஸ் உருண்டையை வாயில் வைத்துக்கொண்டே கத்துவோம்.

"வரியைத்தான் மூணு மாசத்துக்கு ஒரு தடவை திருப்பித் தர்றாங்களேடி" என்பேன்.

"என் பையில இருந்து எடுத்து என் பையிலயே போடறதுக்கு நடுவுல எதுக்குடி ஒருத்தன்?" என்பாள்.

ஓரெஸ்ட் ஒன்றும் பேசமாட்டார். ஆறடி ஆள், மர ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வலது தோள்பட்டையில் ஓயாத வலி. அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வருவதற்குள் வெர்னா ஒன்பது பேசிவிடுவாள். அவருக்கு அது பிடித்திருந்தது. அவள் பேசும்போது அவள் வாயையே பார்த்துக்கொண்டு இருப்பார்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். வரியை என்ன திட்டினாலும் தீ விஷயத்தில் வெர்னா விளையாடமாட்டாள். எங்கள் அப்பா காட்டுத்தீக் குழுவில் இருந்தவர். புகை வாசனை வந்தால் தட்டில் பாதிச் சாப்பாடு இருக்க எழுந்து போய்விடுவார். ஒவ்வொரு மே மாதமும் வெர்னா ஓரெஸ்டைத் திட்டித் திட்டியே கூரையோரத் தண்ணீர்க் குழாயில் அடைந்த, பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் பைன் ஊசியிலைகளை வழிக்க வைப்பாள், வீட்டைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்ட வைப்பாள்.

அவள் போன பிறகு ஊர் நடந்துகொண்ட விதம் எங்கள் ஊருக்கே உரியது. சாவு வீட்டு வாசலில் மூடி போட்ட கண்ணாடிப் பாத்திரத்தில் ஏதாவது சமைத்து வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் போய்விடுவார்கள். கேள்வி கேட்கமாட்டார்கள். துக்கத்தில் இருக்கிறவன் என்ன செய்தாலும் பார்க்காத மாதிரி இருப்பதுதான் இங்கே மரியாதை. செத்துப்போன அம்மாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு கடைக்கு வந்த பெண்ணிடம் கூட, "இன்னிக்குக் காத்து கொஞ்சம் ஜாஸ்தி இல்ல?" என்றுதான் பேசுவார்கள். ஓரெஸ்ட் வெர்னாவின் டேப்லெட்டை என்னிடம் கொடுத்து, "படமெல்லாம் இருக்கு, வச்சுக்கோ" என்றார். சமையலறையில் இருந்த பழைய கம்ப்யூட்டர் அவரிடமே இருந்தது. இரண்டிலும் ஊர்ப் பக்கம் அவள் பெயரில் திறந்தே கிடந்தது, யார் தொட்டாலும் அவளாக எழுதலாம்.

ஏப்ரலில் ஊராட்சி ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஊரைச் சுற்றி மரத்தையெல்லாம் வெட்டி, தீ தாண்ட முடியாதபடி அகலமாக ஒரு வெற்று வளையம் போட வேண்டும். பணம் மத்திய அரசின் பருவநிலை நிதியிலிருந்து. ஊர் மக்கள் வாக்களித்துச் சம்மதிக்க வேண்டும். ஊர்ப் பக்கத்தில் அடிதடி. நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ யாரோ ஒருவன் பழைய ஞாபகத்தில், "வெர்னா இருந்திருந்தா என்ன சொல்லுவா" என்று எழுதினான்.

அதற்குக் கீழே வெர்னாவின் படத்தோடு பதில் வந்தது. "அந்தப் பணத்தைத் தொட்டா அப்புறம் உன் அடுப்புல என்ன எரியணும்னும் அவங்கதான் சொல்லுவாங்க. மரம் இருந்த இடத்துலயே இருக்கட்டும். சரி சரி, போய் டீ போடு, உட்காரு."

டேப்லெட்டில் அதை மறுபடி மறுபடி படித்தேன். என் அக்காவின் வாய் அது. புத்தி மட்டும் அவளுடையது இல்லை. அரைமணி நேரம் அதற்குக் கீழே யாரும் எதுவும் எழுதவில்லை. பிறகு ஒருவர் ஒரு இதயக் குறி போட்டார். இன்னொருவர் போட்டார். அப்புறம் யாரோ, "கரெக்டா சொன்னே வெர்னா" என்று எழுதினார்கள். அதோடு சகஜமாகிவிட்டது. செத்தவள் பேசினாள் என்பதைக்கூட விடுங்கள், ஊர் பதில் சொன்னதே.

ஓரெஸ்ட்தான் எழுதுகிறார் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். வேறு யார்? தனியாகக் கிடக்கிற மனுஷன், அவள் குரலைக் கேட்க ஆசைப்பட்டு அவரே எழுதிப் படித்துக்கொள்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். தீத் திட்டத்தைக் கெடுக்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை போய் எதிரே உட்கார்ந்து, நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டு, "உருளைக்கிழங்கு நல்லா வெந்திருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன். நானும் இந்த ஊர்க்காரிதானே.

அவள் தினமும் எழுத ஆரம்பித்தாள். காலையிலும் எழுதினாள், நடுமதியத்திலும் எழுதினாள், ஒரே நேரத்தில் இரண்டு சண்டையிலும் எழுதினாள். ஒருநாள் கருத்துக்கணிப்பு எடுக்கிற பையன் ஒருவன் டொரான்டோவிலிருந்து போன் செய்தான். பருவநிலைக் கொள்கை பற்றி எட்டுக் கேள்வி. நான் பதில் சொல்லி முடித்ததும் அவன் தயங்கினான்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். உங்க ஊர்ல நான் பேசினதுல நீங்க ஒருத்தர்தான் வேற மாதிரி சொன்னீங்க."

"மத்தவங்க என்ன சொன்னாங்க?"

"எல்லாரும் ஒண்ணையேதான் சொன்னாங்க. கருத்து ஒண்ணா இருக்கும், அது சகஜம். வார்த்தையும் ஒண்ணா இருந்துச்சு. அடுப்புல என்ன எரியணும்னு அவங்க சொல்லுவாங்கன்னு. ஒரே இடத்துல நிறுத்தி மூச்சு விடறாங்க. கடைசியில என்னை டீ போடச் சொல்றாங்க." சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. "பக்கத்து மாகாணத்துலயும் ரெண்டு ஊர்ல இதையேதான் சொன்னாங்க."

வாக்கெடுப்பில் திட்டம் தோற்றது. மரங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

ஆகஸ்டில் தீ வந்தது.

முதலில் வடமேற்கே தூரத்தில்தான் இருந்தது. நாலு நாள் சூரியன் செம்பு நிறத்தில் வந்து போனது. ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு மேல் வெளிச்சம் குறைய ஆரம்பித்தது. நடுப்பகலில் தெருவிளக்குகள் தாமாக எரிந்தன. ஒரு காக்கை சத்தம் இல்லை. கார்க் கண்ணாடியில் சாம்பல் விழுந்துகொண்டே இருந்தது, துடைத்தால் இளஞ்சூடாக இருந்தது. ஒரு மணிக்கு எல்லாப் போனிலும் அபாய ஒலி கிளம்பியது: ஊரைக் காலி செய்யுங்கள், தெற்குச் சாலை வழியாக, உடனே.

ஊர்ப் பக்கத்தைத் திறந்தால் வெர்னா எழுதியிருக்கிறாள். "ஒண்ணும் ஆகாது. காத்து திரும்புது. நம்மளைக் கிளப்பி விட்டுட்டு, பாத்தியா தீ வந்துச்சுன்னு அந்தத் திட்டத்தை மறுபடி கொண்டுவரத்தான் இந்தக் கூத்து. நான் நிச்சயமா சொல்றேன், வீட்டுல இரு."

நல்லவேளை, கண்ணுக்கு முன்னால் வானம் எரியும்போது பெரும்பாலானவர்கள் பக்கத்தை நம்பவில்லை, வண்டியில் ஏறினார்கள். நான் பஸ்ஸில் முதியோர் இல்லத்துக்காரர்களைத் தெற்கே பாலத்தருகே கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்து, என் காரை எடுத்துக்கொண்டு நேரே ஓரெஸ்ட் வீட்டுக்குப் போனேன்.

அவர் தயாராக இருந்தார். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பூட்ஸ் போட்டு, கயிறு கட்டி, கோட்டும் தொப்பியுமாகச் சமையலறையில் நின்றுகொண்டிருந்தார். கதவருகே ஒரு பை. கல்யாணப் படத்தைத் துண்டில் சுற்றி மேலே செருகியிருந்தார். கம்ப்யூட்டர் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"வா ஓரெஸ்ட், போலாம்" என்றேன்.

"போலாம். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்கணும், டார்லீன்." என் முகத்தைப் பார்க்காமல் தொப்பியைக் கழற்றினார். "நீ நல்ல மனசோடதான் பண்றே. எனக்குத் தெரியும். இத்தனை நாள் நானும் ஒண்ணும் சொல்லலே. ஏன், தினம் அதைப் படிக்கத்தான் எந்திரிச்சேன்னு வச்சுக்கோயேன். ஆனா இன்னிக்கு ஜனங்களை வீட்டுல இருங்கன்னு எழுதறது சரியில்லே. அவ அப்படிச் சொல்லமாட்டா. போதும், நிறுத்திடு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எதை நிறுத்தறது?"

"அவ பேர்ல எழுதறதை."

"நானா? நீதானே எழுதறே?"

"நான் எங்க எழுதினேன்? எனக்கு ஒரு எழுத்தைத் தேடிப் பிடிக்கவே கால் மணி ஆகும்."

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். ஆமாம் நான்தான், இனி எழுதலே, வா என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும், அவர் பையை எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்திருப்பார். ஆனால் அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: உண்மையைச் சொன்னால் இந்த ஆளுக்குப் புத்தி தெளியும்.

"சத்தியமா நான் இல்லே ஓரெஸ்ட். ஒரு வரிகூட நான் எழுதலே. அந்த டேப்லெட்டை நான் படம் பார்க்கத்தான் தொடறேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தார். திரையில் வெர்னா அவருக்கே எழுதியிருந்தாள், எல்லாரும் படிக்கும்படி. "ஓரெஸ்ட், அந்தத் தோள்பட்டையை வச்சுக்கிட்டுப் பையெல்லாம் தூக்காதே. பதறாதே. போய் டீ போடு, உட்காரு."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். குனிந்து, நிதானமாக, பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"என்ன பண்றே?"

"நீ இல்லே, நான் இல்லே" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் செத்ததற்கப்புறம் நான் பார்த்ததில்லை. "அப்போ அவதானே டார்லீன்?"

"அது எவனோ திருட்டுப் பயல். எங்கேயோ உட்கார்ந்துக்கிட்டு அவ கணக்கைத் திருடி எழுதறான்."

"திருட்டுப் பயலுக்கு என் தோள்பட்டை எப்படித் தெரியும்?"

"ஊருக்கே தெரியுமே. ஒன்பது வருஷமா அவதான் உன் தோள்பட்டையையும் முதுகையும் பத்தி அந்தப் பக்கத்துல ஒப்பாரி வச்சுக்கிட்டிருந்தாளே. அதையெல்லாம் படிச்சுட்டு அவ மாதிரியே எழுத மிஷின் இருக்காம், கேள்விப்பட்டதில்லையா?"

"பையெல்லாம் தூக்காதேன்னு இப்போதான் சொல்றா. அது எந்த வருஷத்துல எழுதினது?"

ஊரே பை தூக்குகிற நாள், யாருக்கும் பொருந்துகிற வார்த்தை என்று பிற்பாடு தோன்றியது. அப்போது, அந்தச் சமையலறையில், ஜன்னல் முழுக்கச் சிவப்பாக இருக்கும்போது, அது தோன்றவில்லை. பொய் சொல்வானேன், நானும் ஒரு நிமிஷம் அந்தப் படத்தைப் பார்த்து, அக்கா, நீயா என்று மனசுக்குள் கேட்டுவிட்டேன்.

கையைப் பிடித்து இழுத்தேன். அசைகிற ஆளா? திட்டினேன், அழுதேன். எங்கள் அப்பா பெயரைச் சொன்னேன். அவர் எழுந்து கெட்டிலில் தண்ணீர் பிடித்தார். "நீ போம்மா. நான் அவகூட இருக்கேன்" என்றார். எத்தனை வருஷமாகத் தெரியும் அவரை, என்னை ஒருநாளும் அம்மா என்று கூப்பிட்டதில்லை.

உதவிக்குப் போன் செய்து பார்த்தேன், இணைப்பு கிடைக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு தடியர்களைக் கூட்டிவந்து தூக்கிக்கொண்டு போவது என்று முடிவு செய்து, காரை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனேன். அங்கே தன்னார்வலர்கள் நின்றிருந்தார்கள். யார் வெளியேறிவிட்டார்கள், யாரைப் போய்க் கூட்டிவர வேண்டும் என்று பார்த்து ஆளனுப்பிக்கொண்டிருந்தது க்வெண்டா ப்ரூயெட். ஊர்ப் பக்கத்தை ஆரம்பித்து நடத்துகிறவளும் அவள்தான். தங்கமான மனுஷி. முகக்கவசத்துக்கு மேலே கண் இரண்டும் சிவந்திருந்தன.

"க்வெண்டா, ஓரெஸ்ட் வரமாட்டேங்கறார். ரெண்டு பேரை என்கூட அனுப்பு."

அவள் போனைப் பார்த்தாள். "ஓரெஸ்ட் கிளம்பிட்டாரே. இப்போதான் போட்டிருக்கு." காட்டினாள். வெர்னாவின் படம். "நானும் ஓரெஸ்டும் கிளம்பியாச்சு. யாரும் எங்களைத் தேடி அலைய வேண்டாம்." கீழே நாற்பது ஐம்பது இதயங்கள். கடவுளுக்கு நன்றி என்று வரிசையாக எழுதியிருந்தார்கள்.

"அதை எழுதறது ஓரெஸ்ட் இல்லே."

க்வெண்டா என் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். குரலை இறக்கினாள். "தெரியும் கண்ணு. நீதான் எழுதறேன்னு எங்க எல்லாருக்கும் முதல்லேருந்தே தெரியும். யாரும் தப்பா நினைக்கலே. கூடப் பிறந்தவளை அவ்வளவு சீக்கிரம் விட்டுர முடியுமா?"

"நான் எழுதலே க்வெண்டா. ஐயோ, நான் எழுதலே. அவர் வீட்டுல இருக்கார். டீ போட்டுக்கிட்டு இருக்கார்."

"நீ சாப்பிட்டியா? உட்காரு முதல்ல" என்றாள். பக்கத்தில் நின்ற ஒருவனிடம் கண்ணால் ஜாடை காட்டினாள், அவன் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தான். மேற்குப் பக்கத்தில் சக்கர நாற்காலிக்காரர் ஒருவர் சிக்கியிருந்தார். இருந்த ஆட்களை அங்கேதான் அனுப்பினாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு பக்கம் ஐம்பது பேர் வெளியேறிவிட்டார் என்கிறார்கள், இன்னொரு பக்கம் அக்காவைப் பறிகொடுத்தவள் ஒருத்தி அலறுகிறாள். யாரை நம்புவாள்?

தண்ணீர் பாட்டிலை வீசிவிட்டுக் காரைத் திருப்பினேன். பள்ளிக்கூட வளைவு வரைக்கும்தான் போக முடிந்தது. அதற்கு மேல் சாலையின் இரண்டு பக்கத்து மரமும் எரிந்துகொண்டிருந்தது. தீயணைப்புக்காரன் ஒருவன் கார்க் கதவைத் திறந்து என்னை இடுப்போடு தூக்கிக்கொண்டு போனான். அவன் முதுகில் குத்திக்கொண்டே போனேன்.

பக்கத்தை அப்புறம் நீக்கிவிட்டார்கள். அதற்கு முன்னால், எட்மன்டன் நகரத்தில் எங்களைத் தங்கவைத்திருந்த மண்டபத்தில் உட்கார்ந்து, அந்த மத்தியானத்தை முழுக்கப் படித்தேன். ஓரெஸ்ட் தன் போனிலிருந்து, தன் பெயரில் எழுதியிருந்தார். அவர் வாழ்நாளில் அந்தப் பக்கத்தில் எழுதியது அது ஒன்றுதான். நான் க்வெண்டாவிடம் மன்றாடிக்கொண்டிருந்த நேரத்தில் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிடித்திருப்பார்.

"வெர்னா, புகை உள்ளே வந்துடுச்சு. கண்ணு தெரியலே. எந்தப் பக்கம் வரட்டும்?"

யாரோ இரண்டு பேர் அதற்கு இதயம் போட்டிருந்தார்கள். வேறு பதில் இல்லை. வெர்னா அந்த நேரத்தில் அங்கேதான் இருந்தாள். ஒண்டாரியோ மாகாணத்துக்காரன் ஒருவனோடு பெட்ரோல் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.